ஒருத்தியும் அழவில்லை

ரொறன்ரோவில் ரூஜ் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

“என்ர பிள்ளையள் ஒருத்தியும் அழேல்லை, அண்ணை,” என்றாள் தங்கை.

செத்தவீட்டுக் கதையென்று நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. அவள் ஒரு கொலிஜில் பெண்களின் கூடைப்பந்து அணிக்குக் கோச். இந்த வருசம் அவர்கள்தான் சம்பியன். இப்போது தொழில்முறை லீக்கில் ஒரு அணி அவளைக் கூப்பிட்டிருக்கிறது.

“அவையளுக்கு என்னெண்டு சொன்னனி?”

“பயிற்சி முடிய எல்லாரையும் இருத்திவைச்சு, போகத்தான் யோசிக்கிறன் எண்டன். அழுவாளவை எண்டு கண் துடைக்க ரிஷூப் பெட்டியும் கொண்டு போனனான்.”

“பிறகு?”

“கைதட்டினாளவை. ஒருத்தி, ‘கோச், உங்கட மட்சுக்கு எங்களுக்கு ஃப்ரீ ரிக்கெற் வருமோ’ எண்டு கேட்டாள்.”

அண்ணன் சிரிக்கவில்லை. “மனம் நொந்ததோ?”

“முதல் நொந்ததுதான். வாஷ்ரூமுக்குள்ள போய் நிண்டன். பிறகு சிரிப்பு வந்திட்டுது. நான் போனா இவளவை உடைஞ்சு போவாளவை எண்டுதானே இவ்வளவு நாளும் நித்திரை இல்லாமல் கிடந்தனான். அடுத்த நாளே லீக்காரருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அப்ப இனி அவையளை ஆர் பாக்கிறது?”

“முந்தி என்னட்டை விளையாடின பிள்ளை ஒண்டு. நேற்றுத் தொடங்கிட்டாள். நான் கதவடியில கனநேரம் நிண்டு பாத்தன். ஒருத்தியும் என்ர பக்கம் திரும்பேல்லை.”

“அது நல்லதோ?”

அவள் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

“ஓம், அண்ணை. விளையாடேக்க பந்தையல்லோ பாக்கவேணும். அப்பிடித்தானே பழக்கினனான்.”