நானூத்திப் பதினேழாம் நம்பர் டயர்

கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், இந்தச் சூட்டுக் காத்து மூஞ்சில அடிச்சா கண்ணு எரியும். கையில மிஷின் இருக்கிறதாலதான் எந்திரிக்கல, மரியாதை இல்லாம இல்ல. பாதியில நிறுத்தினா உருகினது மறுபடி ஒட்டிக்கும், அப்புறம் முதல்லேருந்து சுரண்டணும். இந்த டயர்ல இந்த ஒரு பக்கத்தை முடிச்சுடறேன். நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. சொல்லாம எங்க போகப் போறேன்.

ஐம்பத்திரண்டு டயர் இருக்கணும், ஐம்பத்தொண்ணுதான் இருக்கு. தெரியும் சார். காலைலேருந்து இந்தக் கொட்டகை முழுக்க இதே பேச்சுதான். நாலு மணிக்கு லாரி வருது, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போய் துண்டு துண்டா அறுத்துப் போட்டாதான் பெரிய ஆபீஸுக்குத் தூக்கம் வரும். ஒண்ணு வெளிய போச்சுன்னா வேற கம்பெனிக்காரன் முகர்ந்து பாத்தே என்ன போட்டிருக்குன்னு கண்டுபிடிச்சுடுவானாமே. அதுக்காக ரிம் அண்ணனை ஆபீஸ் வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. ரிம்லேருந்து டயரைக் கழட்டறவரு அவரு, கடைசியாத் தொட்டது அவர் கைதான்னு. சாயந்திரத்துக்குள்ள கிடைக்கலைன்னா வேலை போயிடுமாம், கூட்டற அக்கா சொன்னாங்க.

அவர் எடுக்கல சார். அதை முதல்ல சொல்லிடறேன். மிச்சத்தை வரிசையா சொல்றேன், எனக்கு வரிசையா வந்தாதான் பேச்சு வரும்.

நான் இவ்வளவு பேசறது உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். மூணு வருஷமா, கார்ப் பந்தயம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வண்டியெல்லாம் ஓட்டிப் பாக்கற இந்த ஒரு மாசத்துக்கு நான் வரேன். உங்ககிட்ட சரிங்க சார்ங்கிறதைத் தவிர ஒரு வார்த்தை பேசினது கிடையாது. போன வருஷம் நீங்க என் பேரைக் கேட்டீங்க, அதுக்கும் சரிங்க சார்னுதான் சொன்னேன். வீட்டுக்குப் போய் அதை நினைச்சு நினைச்சு ராத்திரி சோறு இறங்கல.

உக்காருங்க சார், அந்த டயர் அடுக்கு மேலயே உக்காரலாம், அது சுரண்டி முடிச்சது.

ஓட்டிட்டு வர்ற டயர்ல ரோட்டுல கிடக்கற துணுக்கெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். அதைச் சூடு காட்டி வழிச்சு எடுத்தாதான் நீங்க அந்தக் குட்டி ஓட்டையில ஊசியை விட்டு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்க முடியும். நான் ஒரு துணுக்கை விட்டுட்டா உங்க கணக்கு தப்பு. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, பாத்துக்கிட்டே இருந்தேன், அவ்வளவுதான். பேசாம இருக்கிறவங்களுக்கு நிறைய தெரியும்.

இங்க நடக்கற கூத்தும் தெரியும். அந்த டிவியில மேல வர்ற பேரைப் பாத்து வெளிய கத்தறாங்களே, உள்ள ஒருத்தரும் அதைக் கண்டுக்கறதில்ல. ஒரு வண்டி நிறைய பெட்ரோலை ஊத்திக்கிட்டு, கனம் ஏறி ஆமை மாதிரி போகும், இன்னொண்ணு ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டு பறந்து காட்டும். பரீட்சைக்கு ஒண்ணுமே படிக்கலைன்னு சொல்ற பிள்ளைங்க மாதிரிதான் எல்லாரும். வண்டி உள்ள வந்தா நாலு ஆளு தட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து மறைக்கிறாங்க, குளிச்ச குழந்தை பின்னால துண்டோட ஓடற மாதிரி. டயர் மட்டும்தான் நடந்ததை நடந்தபடி வச்சுக்கிட்டு வரும். இந்த ஓரத்தைப் பாருங்க, மணல் ஒட்டின மாதிரி பொரிஞ்சிருக்கு. வளைவுல பிடிக்காம இழுத்துக்கிட்டே போயிருக்கு. நான் சொல்லித்தான் தெரியணுமா உங்களுக்கு.

வரேன் சார், விஷயத்துக்குத்தான் வரேன்.

போன திங்கட்கிழமை நீங்க புதுசா நாலு டயர் கொண்டு வந்தீங்க. கலர் கோடு எதுவும் இல்லாம, வெறும் கருப்பு, நம்பர் மட்டும். நானூத்திப் பதினாலுலேருந்து நானூத்திப் பதினேழு வரைக்கும். நீங்களே ரெண்டு வருஷமா காய்ச்சின ரப்பர்னு ரிம் அண்ணன் சொன்னாரு. அன்னிக்கு நீங்க புதுச் சட்டை போட்டிருந்தீங்க. அந்த நீல வண்டி ஓட்டறவர் அஞ்சே சுத்துல உள்ள வந்து இறங்கிட்டாரு. முதல் ரெண்டு சுத்து பிசின் மாதிரி பிடிக்குது, அப்புறம் சோப்புக்கட்டின்னு சொல்லிட்டு, கையுறையைக் கழட்டிக்கிட்டே போயிட்டாரு. மத்தியானம் உங்க சாப்பாட்டுத் தட்டு அப்படியே குப்பைக்கு வந்துச்சாம். இந்த வருஷம் அந்த ரப்பர் கிடையாதுன்னு சாயந்திரமே முடிவாயிடுச்சு.

உங்களைக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லல சார். அந்த டயரைப் பத்தித்தான் பேசறோம், அதான்.

அதோ தொங்குதே சாம்பல் துணி, அதுக்குப் பின்னாடி என் பொண்ணு இருக்கா. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். சத்தமே வராது, என்னை மாதிரி. வழக்கமா பக்கத்து வீட்டுல விட்டுட்டு வருவேன், அவங்களுக்குக் காய்ச்சல். ரிம் அண்ணன்தான் மேஸ்திரிகிட்ட பேசி, துணி கட்டிக் குடுத்து, இங்கேயே வச்சுக்கம்மான்னாரு. கூட்டற அக்கா அப்பப்ப பாத்துப்பாங்க. இருபத்தி ரெண்டு மாசம் ஆச்சு சார். நிக்க மாட்டா. உக்கார்றதே ஒரு வயசுக்கு மேலதான். காலுல குறை ஒண்ணும் இல்லையாம், வலு வரலையாம், பயமும் இருக்காம். டாக்டர் வர்ற புதன்கிழமை வரச் சொல்லியிருக்காரு. எதையும் பிடிக்காம பத்து செகண்டு நின்னா விட்டுடலாம், இல்லைன்னா ரெண்டு காலுக்கும் இரும்புப் பட்டை, ஒரு வருஷத்துக்குன்னாரு. அவங்க அப்பா கப்பல் வேலை. போன்ல வேற ஒண்ணும் கேக்கறதில்ல, நிக்கிறாளான்னு ஒரே கேள்வி. நேத்து நிக்கிறான்னு சொன்னேன். எதைப் பிடிச்சுக்கிட்டுன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.

திங்கட்கிழமை என்ன குளிரு, உங்களுக்கே தெரியும். டயருக்குக் கரண்டு போர்வை போத்தி வச்சிருக்காங்க, ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல. பாப்பா கை ரெண்டும் ஐஸ் மாதிரி. ஓட்டி முடிச்ச டயர் ஒரு மணி நேரத்துக்கு இதமா இருக்கும்ல. ஒண்ணைப் படுக்க வச்சு, நடுவுல துணியை மடிச்சுப் போட்டு, உள்ள உக்கார வச்சேன். அவ்வளவுதான் சார் நான் நினைச்சது. குளிருக்கு.

செவ்வாக்கிழமை, மணி பதினொண்ணு இருக்கும், அக்கா வந்து தோளைத் தட்டினாங்க. போய்ப் பாத்தா நிக்கிறா. உள்ளேருந்து ரெண்டு கையையும் நீட்டி, வெளி ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ வண்டி ஓட்டற மாதிரி நிக்கிறா. நான் கூப்பிடல. கூப்பிட்டா விழுந்துடுவான்னு, அந்தத் துணியைப் பிடிச்சுக்கிட்டே நானும் நின்னேன். நாப்பது வரைக்கும் எண்ணினேன்.

நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ்தான். ஆனா உங்களைப் பாத்து ஒண்ணு கத்துக்கிட்டேன், ஒரு தடவை பிடிச்சுதுன்னா நம்பக் கூடாது, மாத்திப் போட்டுப் பாக்கணும். அதனால மாத்திப் போட்டேன். முக்காலி வச்சேன், நகர்ந்து போச்சு. மழைக்குப் போடற டயர் வச்சேன், அதுல வெட்டியிருக்கிற பள்ளத்துல விரலை விட்டு நோண்டிக்கிட்டு உக்காந்துட்டா. கெட்டி ரப்பர் டயர் ஒண்ணு வச்சேன், கை வழுக்கி மோவாயை இடிச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் அதைக் காட்டினாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா. நீல வண்டிக்காரரும் அந்தக் கெட்டி ரப்பரைக் கண்டா அப்படித்தான்னு கேள்விப்பட்டேன். கடைசியில பழையபடி முதல் டயரையே வச்சேன். எந்திரிச்சுட்டா. அந்த ரப்பர் லேசா பசை மாதிரி இருக்கு சார், விரலை விடாது, சின்னக் கைக்குத் தெம்பா இருக்கு.

ஆறினா அந்தப் பசை போயிடுது. அதனால தினமும் காலைல வந்ததும் இந்த மிஷினாலேயே ஒரு சுத்து சூடு காட்டிடுவேன். எத்தனை டிகிரின்னு கேக்காதீங்க. முழங்கையை வச்சுப் பாப்பேன், குளிக்க ஊத்தற தண்ணிக்குப் பாக்கற மாதிரி. சோப்பு போட்டு மூணு தடவை கழுவியும் இருக்கேன், குழந்தை வாயை வைக்குது. அது தப்புன்னா மன்னிச்சுக்குங்க.

ஆமா சார். அதேதான். நானூத்திப் பதினேழு. நீங்க உக்காந்திருக்கிற இடத்துலேருந்து நாலு அடி. வாசலைத் தாண்டல, வேற எவன் மூக்கும் அதுகிட்ட போகல.

எடுத்தது நான்தான், யாரையும் கேக்காம உருட்டிக்கிட்டுப் போனேன். ரிம் அண்ணன் செவ்வாக்கிழமை சாயந்திரம் துணியை விலக்கிப் பாத்தாரு. பாத்துட்டு, நல்லா நிக்குது புள்ளைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னிக்குக் காலைல அத்தனை பேரு அத்தனை கேள்வி கேட்டும் வாயைத் திறக்கலையாம். சக்கரைக்காரர் சார் அவரு, நேரத்துக்குச் சாப்பிடணும். முதல்ல அவரை அனுப்பச் சொல்லுங்க. நான் போய்ச் சொல்லணும்னுதான் காலைலேருந்து மூணு தடவை ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். அங்க அத்தனை பேரைப் பாத்ததும் திரும்பி வந்துட்டேன். நீங்க தனியா வந்ததாலதான் இவ்வளவும் வருது.

வெட்டிப் போடப் போற டயர்தானே, வேண்டாம்னு சொன்னதுதானேன்னு நினைச்சேன். நாலு ரூம் தள்ளி இருக்கிற கம்பியூட்டர்ல அதுக்கு ஒரு கட்டம் காலியா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்.

இல்ல சார், நான் வச்சுக்கறேன்னு சொல்லல. கம்பெனிப் பொருள். நாலு மணிக்கு நானே உருட்டிக்கிட்டு வந்து லாரியில ஏத்தறேன். இப்ப மூணு ஆகப் போகுது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் கேக்கறேன். ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வியாழக்கிழமை ஒம்பது செகண்டு நின்னா, நேத்து பதினாறு. அது என் வாய்க்கணக்கு, வேகமா எண்ணிடறேனோ என்னவோ. ரெண்டு கையையும் இன்னும் விடல. விட்டதே இல்ல. அதுக்குள்ள அதைத் தூக்கிக்கிட்டுப் போனா புதன்கிழமைக்கு நான் எதைக் காட்டறது. வீட்டுல இருக்கிறது பிளாஸ்டிக் நாற்காலி.

என்னை அனுப்பறதா இருந்தா அனுப்பிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா. அந்த நோட்டுல யார் யார் என்ன சொன்னாங்கன்னு எழுதுவீங்கல்ல. இந்த ரப்பருக்கு நேரா ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொன்னதா எழுத முடியுமா. சும்மா கேட்டேன். அஞ்சு நாளா தினமும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றவங்க சார், அஞ்சு சுத்துல இறங்கிப் போனவங்க இல்ல.

சிரிக்கிறீங்களா, இருமறீங்களா. இந்தப் புகை அப்படித்தான், தொண்டையைப் பிடிக்கும். தண்ணி அந்த ஜன்னல்ல இருக்கு. நான் இந்தக் கடைசித் துண்டை வழிச்சுட்டு, உங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டறேன். சத்தம் போடாம பாக்கணும், தெரியாத ஆளைக் கண்டா பொசுக்குன்னு உக்காந்துடுவா. நீங்க துணி ஓரத்துலேருந்தே பாருங்க, நான் அந்தப் பக்கம் மண்டி போட்டு ஒரு கையை மட்டும்

என்னக்கா? வரேன், இங்க சார் இருக்காரு. என்ன? விழுந்துட்டாளா? இல்லைன்னா ஏன் அப்படிக் கூப்பிடறீங்க. எதைப் பிடிச்சுக்கிட்டு? எதையும் பிடிக்கலையா? ரெண்டு கையுமா? பேசாதீங்கக்கா, தொடாதீங்க, அப்படியே இருங்க. சார், இந்த மிஷினைப் பிடிங்க, சுவிட்சு அடியில இருக்கு. இல்ல, அதைக் கீழ போடுங்க, உங்க கழுத்துல தொங்குதே அந்தக் கடிகாரம், அதை அமுக்குங்க, அமுக்கிட்டு வாங்க, என் கணக்கு வேண்டாம், உங்க கணக்குல எத்தனை