ஒரு பைசா கலக்கக் கூடாது

— முதல்ல ஸ்டூல்ல ஏறி அந்தக் கடிகாரத்தைக் கழட்டுடா.

— கழட்டறேன்கா. ஓடாத கடிகாரத்துக்கு என்ன அவசரம்?

— ஓடாததாலதான் கோர்ட்டு அதிகாரி விட்டுட்டுப் போனார். விலை இல்லைன்னு எழுதிட்டார்.

— மத்ததெல்லாம் ஜப்திப் பட்டியல்ல ஏறிடுச்சா? கரண்டி கூடவா?

— பதினோரு கரண்டி. நானே எண்ணிக் குடுத்தேன்.

— அடேங்கப்பா! திவாலானவங்கள்ல இவ்வளவு திமிர் பிடிச்சவளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

— பேக்கரிதான்டா மூழ்கிச்சு. நான் மூழ்கலயே.

— அப்பவே சொன்னேன், வீட்டை என் பேருக்கு மாத்திடுன்னு. கேட்டியா?

— கேட்டிருந்தா ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்ல கைகட்டி நின்னிருப்போம். இப்போ பாரு, ஒளிக்காம மறைக்காம நல்ல விலைக்கு வித்தேன். பேங்க் கடன் தீர்ந்துச்சு. மாவு குடுத்தவருக்குக் கூடப் பங்கு போச்சு. வித்த காசுல எனக்குன்னு சட்டம் விட்ட பங்கு தனியா இருக்கு.

— அதை யாரும் தொட முடியாதே?

— ஆறு மாசத்துக்குள்ள குடியிருக்க ஒரு வீடு வாங்கிட்டா முடியாது. ஆனா அது தனிக் கணக்குல கிடக்கணும். வேற காசு ஒரு பைசா கலக்கக் கூடாது.

— ...கலந்தா?

— எது வீட்டுக் காசு, எது வேற காசுன்னு கேள்வி வரும். மொத்தமும் போனாலும் போகும்.

— மொத்தமுமா?

— என்னடா, முகம் வெளுத்துப் போச்சு?

— ஒண்ணுமில்ல... தூசி.

— தூசிக்கு யாருக்குடா முகம் வெளுக்கும்? அது சரி, நடந்தா வந்த? பைக் எங்க?

— சர்வீஸுக்கு...

— ரெண்டு வாரமாவா?

— பழைய வண்டிகா... அக்கா, யாராவது தெரியாத்தனமா உன் கணக்குல...

— ஒரு லட்சம் போட்டிருந்தா?

— ஐயோ, நான்தான்கா! புது வீட்டுக்குக் குறையுமேன்னு... கெடுத்துட்டேனா? எல்லாம் போச்சா?

— ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு அழாதே, விழுந்து வைக்கப் போற. காசு வந்து விழுந்த அன்னிக்கே அதிகாரிகிட்ட ஓடினேன். இது என் காசு இல்ல, என் தம்பி பாசத்துல பண்ணின முட்டாள்தனம்னு எழுதிக் குடுத்தேன்.

— அப்படியேவா எழுதின?

— அப்படியே. சிரிச்சுட்டார். விசாரிச்சு, அதை மட்டும் பிரிச்சுத் திருப்பிட்டாங்க. என் பங்கு பத்திரமா இருக்கு.

— அப்பாடா... அப்போ என் லட்சம்?

— எவ்வளவு நேரமா சொல்றேன்? கடிகாரத்தைக் கழட்டு.

— இதோ... அக்கா! ஆணியில... இது என் பைக் சாவி!

— பின்பக்கம் நிக்குது வண்டி. நீ வித்தியே, அவர்கிட்ட அதே லட்சத்தைக் குடுத்து மீட்டுட்டேன். வீடு போனா போகட்டும்டா. என் வாசல்லேர்ந்து என் தம்பி நடந்து போறதை மட்டும் இந்தத் தெரு பார்க்கக் கூடாது.