சல்லடையில் சிக்காதவன்

— மெதுவா ஆட்டுங்க... சேறெல்லாம் என் மூஞ்சியிலதான் அடிக்குது.

— சல்லடைக்கு மூஞ்சி பார்க்கத் தெரியுமாடி? இந்தா, பிடி. பனியுகத்து யானையோட கடைவாய்ப் பல்லு.

— அம்மாடி! செங்கல்லு மாதிரி கனக்குதே.

— இதுக்குப் பல்வலி வந்துதான் பனியுகமே முடிஞ்சுது. அது கத்தின கத்துல மலைமேல இருந்த பனியெல்லாம் உருகி ஓடிடுச்சு.

— கட்டிக்கிட்ட நாள்லேருந்து இதே புளுகு...

— பல்லைக் கையில வச்சுக்கிட்டே நம்பமாட்டேங்கிறியே!

— ஓரமா வச்சிட்டு அடுத்த கூடையைக் கொட்டுங்க. பொழுது சாயுது.

— மேஸ்திரி என்னமோ சொல்லிட்டுப் போனானே?

— நாளைக்குக் குவாரிக் குழியில தண்ணி விடுறாங்களாம். இனிமே இது ஏரியாம். பல்லு பொறுக்குறது இன்னியோட சரின்னான்.

— பல்லு பொறுக்கத்தான் வர்றோம்னு இன்னுமா நம்புறான்?

— நம்புற மாதிரி நடிக்கிறான், பாவம். மகனைத் தேடுறீங்களான்னு நம்ம மூஞ்சியப் பார்த்துக் கேட்க முடியுமா?

— இதென்ன... குதிரைப் பல்லா?

— குதிரைதான். நம்ம பிள்ளைக்குத்தான் இந்தப் பல்லுப் பைத்தியம். இப்ப நானும் பார்த்ததும் சொல்றேன் பாருங்க.

— அவன் பல்லு பொறுக்க வந்த அன்னிக்குக் குழிக் கரை சரிஞ்சு, அத்தனை மெஷினு தோண்டுச்சே, என்ன கிடைச்சுது? ஒத்தைச் செருப்பு! உன் பிள்ளை அந்தப் பக்கமா ஏறி, கப்பல்ல சமையல்காரனாப் போயிட்டான்.

— அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

— அதனாலதான் ஒரு கப்பல்லயும் ரெண்டு வேளைக்கு மேல வச்சுக்க மாட்டேங்கிறாங்க. கப்பல் மாறி மாறியே காலம் போகுது, கடுதாசி போட நேரம் ஏது?

— சிரிப்பு வரலேங்க...

— நாலு வருஷமா சலிக்கிறோம். யானை வந்துச்சு, குதிரை வந்துச்சு, காண்டாமிருகம் வந்துச்சு. அவன் வரல. அப்ப இங்க இல்லேன்னுதானே அர்த்தம்?

— சேறு... கண்ணுல தெறிச்சிடுச்சு.

— ஏய்... எதுக்கு அழற? கிடைச்சிடக் கூடாதுன்னுதானே தினம் வந்து தேடுறோம்?

— தண்ணி விட்டா... அவனுக்குக் குளிருமேங்க.

— இங்க இல்லாதவனுக்கு எப்படிடி குளிரும்?

— இருக்கான்.

— என்ன சொல்ற?

— போன மழை விட்டதும்... என் சல்லடையில வந்தான். ஒரே ஒரு பல்லு. வெள்ளி அடைச்சது. நான்தானே கூட்டிட்டுப் போயி அடைச்சேன், எனக்குத் தெரியாதா? நீங்க பாட்டுக்குக் கப்பல் கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க. காட்டினா உடைஞ்சுபோயிடுவீங்கன்னு மறைச்சுட்டேன். கோபமாங்க?

— மேல்வரிசைப் பல்லா?

— ஆமா... மேல, இடது பக்கம். ஏன் கேட்குறீங்க?

— அவன் கீழ்த்தாடை என்கிட்ட இருக்கு... முதல் வருஷத்துலேருந்து.