ஹாலில் போட்ட கோழிச் சாணி

மலாக்காவில் லூபோக் சீனா ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒட்டுக் கேட்க எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் பேச்சு காதில் விழுந்தது. இளையவள் மடியில் ஒரு பை இருந்தது.

“சுட்ட உமியும் தேங்காய் நார்த்தூளும்க்கா. பாச்சாங் பூச்செடிக் கடையில வாங்கினேன். மண்ணுல கலந்தா நாத்தமே வராதாம்.”

“வீட்டுக்குள்ள வைக்கிற செடிக்கா? முன்ன என்னத்தப் போட்ட?”

“பச்சைக் கோழிச் சாணி. எஸ்டேட்ல கத்தரிக்குப் போட்ட பழக்கம்லா. ஹால்ல மூணு தொட்டிக்கும் அள்ளிப் போட்டுட்டேன். மறுநாளே மகளைப் பொண்ணு பார்க்க வந்துட்டாங்க.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “மூக்கைப் பொத்திக்கிட்டா பொண்ணு பாத்தாங்க?”

“சிரிக்காதீங்கக்கா. அவங்கல்லாம் ஆபீஸ் வேலைக்காரங்க. மாப்பிள்ளையோட அம்மா, என்ன நாத்தம்னு கேட்டுட்டாங்க. எனக்கு வெக்கமா போச்சு. மூலையில என் மாமனாரு உக்காந்திருந்தாரு. ‘அவருக்கு வயசாயிருச்சு, வேட்டியிலேயே போயிர்றாரு’ன்னு சொல்லிட்டேன்.”

மூத்தவளின் சிரிப்பு நின்றது.

“அவரு காதுல விழுந்திச்சா?”

“விழுந்திச்சுக்கா. எந்திரிச்சு வீட்டுப் பின்னால போயிட்டாரு.”

“அப்புறமாவது அவருகிட்ட ஒரு வார்த்தை பேசினியா?”

“வாய் வரலக்கா. வர்ற வாரம் வீட்டுல நிச்சயம். நேத்து புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். ‘எனக்கு எதுக்கும்மா? அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நான் கோயில்ல இருந்துக்கிறேன்’னாரு.”