ரத்து முத்திரை வாங்கிய பிள்ளைகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலக மன்றத் தலைவர் சிவதாணு அவர்களே! வெயில் தாழுமுன்னே வந்து இடம்பிடித்த குலசேகரத்துப் பெரியோர்களே! ஒரு கண் மேடையிலும் ஒரு கண் கைப்பேசியிலுமாக, கடல் கடந்த பிள்ளையின் அழைப்புக்குக் காத்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் பள்ளி ஆசிரியை ஞானபாயின் அன்பு வணக்கம்.

ஊர் திரும்பிய இளைஞர்கள் மனம்விட்டுப் பேச, இந்த நூலக மாடியில் இன்று ஓர் அறை திறந்திருக்கிறோம். அது எப்படிப் பிறந்தது? என் தம்பி மகன் ஜெப்சனால் பிறந்தது. "அத்தை, எம் பேரச் சொல்லியே பேசுங்க, எனக்கு வெக்கமில்ல" என்று அவனே சொன்னதால் சொல்கிறேன்.

தம்பி ரசலையன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். ஜெப்சன் அங்கேயே பிறந்தான், அங்கேயே படித்தான், அந்த மணலிலேயே பந்து விளையாடினான். ஆனால் அந்த நாட்டு விதி என்ன? வயது நிரம்பிய மகன் தந்தையின் விசாவில் தங்கலாகாது! பிறந்தநாள் வந்தது, வாழ்த்து வந்தது, கூடவே விசா ரத்தும் வந்தது. பெற்றோர் அங்கே, பிள்ளை என் வீட்டில்.

வந்தவன் உண்ணவில்லை, உறங்கவில்லை, உரையாடவில்லை. இருபத்தாறு ஆண்டு பிள்ளைகளோடு பழகிய நான் என்ன சொன்னேன்? "சொந்த ஊருக்கு வந்ததுக்கு என்னலே சங்கடம்? நாலு நாள்ல சரியாவும்!" சரியாகவில்லை, அன்பர்களே. பின்வரிசையில் ஓர் அம்மா, "எங்க வீட்டிலயும் இதே கததான்" என்கிறீர்கள். கேட்கிறது அம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

ஒருநாள் காலை, சொல்லாமல் கிளம்பிவிட்டான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக நினைத்தவன், வழியில் களியக்காவிளையில் பேருந்தை விட்டு இறங்கி, ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட்டை நீட்டினான். கடையில் இருந்தவள் சஜிதா, அவன் வயதுப் பெண்.

"மக்கா, ரத்தான விசாவுக்குக் காப்பி எதுக்கு?"

"வீட்டுக்குப் போணும்."

"வீடு எங்க?"

ஜெப்சன் பாஸ்போர்ட்டை மூடினான். கை நடுங்கியது; அங்கேயே உட்கார்ந்து அழுதான். சஜிதா கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். தண்ணீர் கொடுத்தாள்.

"எனக்குப் படிப்பு விசா மூணு தடவ இல்லேன்னு வந்திச்சு. இப்பிடித்தான் எனக்கும் கை ஆடிச்சு. மனசுக்குப் பாக்கிற டாக்டர்கிட்ட போனேன். இப்ப கொள்ளாம், நல்லா இருக்கேன். நீயும் வாறியா?"

அவன் தலையசைத்து என் எண்ணைச் சொன்ன பிறகே எனக்கு ஃபோன் செய்தாள். மூவருமாகப் போனோம். மருத்துவர் சொன்னார்: "டீச்சர், இது சோம்பலுமில்லை, திமிருமில்லை. நோய். குணமாகும்." வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து, "மன்னிச்சிரு மக்கா" என்றேன்.

மாதங்கள் ஆயின. உறக்கம் வந்தது, பசி வந்தது, பாலிடெக்னிக்கில் இடமும் வந்தது. வீடியோ அழைப்பில் ரசலையன் கேட்டான்: "வேலைய விட்டுட்டு வந்திரட்டா மக்கா?" பிள்ளை சொன்னான்: "வேண்டாம்ப்பா, லீவுல வாங்க. இங்க எனக்குக் கூட்டுக்காரங்க இருக்காவ."

ஆம்! சனிக்கிழமைதோறும் அவனும் சஜிதாவும் பேச உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் ஐந்தானார்கள். ஐந்து பேர் பத்தொன்பதானார்கள்! அவர்களே கையெழுத்திட்டு அரசுக்கு மனு எழுதியிருக்கிறார்கள்: திரும்பி வரும் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டும், விசா விதிகளைப் பேசும் மேசையில் பிள்ளைகளின் மனநிலையையும் பேச வேண்டும்!

விதி எழுதுகிறவர்களே, நீங்கள் தாளில் ஒரு வயதை எழுதும்போது ஒரு பிள்ளையின் நெஞ்சு அதிர்கிறது, அறிவீர்களா? தாய்மார்களே, "பயமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால், பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். "சொல்லு மக்கா, கேக்கேன்" என்று சொல்லுங்கள். இளைஞர்களே, விசாவைத்தான் ரத்து செய்ய முடியும். உங்களை ரத்து செய்யும் முத்திரை எந்த நாட்டிலும் இல்லை! இல்லை! இல்லவே இல்லை!

மாடி அறை திறந்தே இருக்கிறது. ஏறி வாருங்கள். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், அழுதவனுக்கு அருகில் அமர்ந்த சஜிதாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!