பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டவன்

விளக்கு விற்க நல்ல நேரம் பொழுது சாயும் நேரம்தான். பகலில் எரியும் விளக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடை போட்ட புதிதில் எனக்கு இது தெரியாது. காலையிலேயே போய் மேசை விரித்து, வெயிலில் விளக்குகளை எரியவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடை அக்காதான் வந்து, "ஏன் தம்பி, சூரியனுக்கே டார்ச் அடிக்கிறியா?" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பேசினால் எனக்கு முன்னுக்குப் பின் ஆகிவிடும் என்பதால் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அனுமதித்ததற்கு நன்றி ஐயா. தினமும் நடந்ததை எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். ஆனாலும் எதையாவது விட்டுவிட்டேனோ என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும்.

நான் காலி பாட்டில்களில் விளக்கு செய்கிறேன். வார இறுதியில் சந்தையில் விற்பேன், மற்ற நாட்களில் இணையத்தில். சிறு வியாபாரம் பற்றிய மாலை வகுப்புக்கும் போகிறேன். போட்டியாளர் யார் என்று தெரியாதவன் கடை போடக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா இரும்புத் தண்டு வைத்த மேசை விளக்குகளை மொத்தமாக வாங்கி விற்பவர். வரிசையின் முனைக்கடை அவருடையது. உள்ளே நுழைகிறவர்கள் அவரிடம்தான் முதலில் நிற்பார்கள்.

அவர் மேல் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடவில்லை. முதலில் அவர் கைப்பேசியில் என் மேசையைப் படம் எடுப்பதைப் பார்த்தேன். "என்னக்கா?" என்றேன். "சும்மாடா, அழகா இருக்கு" என்றார். பிறகு யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசும்போது என் பக்கம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் அவர் மேசைக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, என் பாட்டில் விளக்கு ஒன்று இருந்தது. என்னிடம் அவர் வாங்கியதே இல்லை. வேறு ஆளை விட்டு வாங்க வைத்திருக்கிறார். மாதிரி பார்த்து மலிவாகச் செய்து விற்கப்போகிறார் என்று முடிவு செய்தேன். அப்போது அது முடிவாகத் தோன்றவில்லை, கண்ணால் கண்டதாகத் தோன்றியது.

எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்து போனால் பக்கத்துக் கடைக்காரர் அவர் கடையையும் பார்த்துக்கொள்வார். வெறுமனே காவல் இருப்பதில்லை, விற்றும் கொடுக்க வேண்டும். அடுத்தவரைத் தேடி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் வரிசையில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அன்று அக்கா மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. "தம்பி, கடைய பாத்துக்கோ. எவனாவது பேரம் பேசினா என் மூஞ்சிய நெனச்சுக்கோ, வெல தானா ஏறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவருடைய விளக்கு ஒன்றை என் மேசைக்குப் பின்னால் வைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு கம்பியை இடம் மாற்றி இரும்பில் படும்படி வைத்தேன். யாருக்காவது லேசாக ஷாக் அடிக்க வேண்டும், புகார் வர வேண்டும், சந்தை நிர்வாகம் முனைக்கடையை அவரிடமிருந்து எடுக்க வேண்டும். நினைத்தது அவ்வளவுதான். வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று டெஸ்டரைத் தண்டில் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. உள்ளே ஒயர் தொளதொளவென்று கிடந்தது. அப்படியே மூட மனம் வரவில்லை. என் விளக்குகளில் போடுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். உங்கள் ஆட்கள் என் விளக்கையும் அந்த விளக்கையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, முடிச்சு இரண்டிலும் ஒரே மாதிரி நேர்த்தியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் மறுக்கவில்லை.

விளக்கைப் பின்வரிசையில் வைத்தேன். அக்கா திரும்புவதற்குள் ஓர் அம்மா சின்னப் பெண்ணோடு வந்தார். முன்வரிசையில் இருந்த எதுவும் அந்தக் குழந்தைக்குப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்ததைத்தான் காட்டியது.

"பாப்பா ரூமுக்குங்க. ஷாக் கிக் அடிக்காதில்ல?" என்று அம்மா கேட்டார்.

"இந்தக் கடையில வாங்கினது எதுவும் திரும்பி வந்ததில்லம்மா" என்றேன். அதுவரை அது உண்மைதான்.

"நைட்டு பூரா எரியுமா அங்கிள்?"

"எரியும் பாப்பா."

விற்பனைக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். யோசித்தேன். ஏன் விற்கவில்லை என்று அக்கா கேட்டால் என்ன சொல்வது? அதோடு நம்பி விட்டுப்போன கடையில் வந்த விற்பனையைத் தட்டிக்கழிப்பது எனக்குத் துரோகமாகப் பட்டது. உடையாமல் இருக்க இரண்டு சுற்று அதிகமாகவே தாள் சுற்றி, அக்கா கடைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.

குழந்தை குளித்துவிட்டு ஈரக்கையோடு தொட்டிருக்கிறது. பிழைக்கவில்லை. அந்த அம்மா பெட்டியில் கடைப்பெயரைக் காட்டியதும் அக்காவைக் கூட்டிப் போனீர்கள். என்னையும் ஸ்டேஷனுக்கு அழைத்து விசாரித்தீர்கள். மலிவான சரக்கு என்று எனக்கு முன்பே சந்தேகம் இருந்ததாகச் சொன்னேன். அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். "தம்பி, நீ ஒயரிங் தெரிஞ்சவன். அது நல்ல வெளக்குதான்னு சொல்லுடா" என்றார். நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கைப்பேசியில் இருந்ததை எனக்குப் படிக்கக் கொடுத்தீர்கள். ஒரு ஹோட்டல்காரருக்கு என் விளக்குகளின் படங்களை அனுப்பியிருந்தார். ஒரு மாதிரியையும் வாங்கி வைத்திருந்தார். "நம்ம தம்பி செஞ்சது. வாய் தொறந்து கேக்க மாட்டான். எல்லா ரூமுக்கும் எடுக்கறதா இருந்தா நானே பேசி முடிக்கிறேன். முடியற வரைக்கும் அவனுக்குத் தெரிய வேணாம், ஆசப்பட்டு ஏமாந்துடுவான்" என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது. இதில் அவர் பங்கும் இருக்கிறது, நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

விளக்கைத் திறந்ததும், மாற்றியதும், சோதித்ததும், விற்றதும் நான்தான். அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. அவரைக் கூட்டிப் போன நாளிலிருந்து அவர் கடையையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் வரும்வரை அதை வரிசையில் வேறு யாரிடமும் விட வேண்டாம். அங்கே யாருக்கும் ஒயரிங் தெரியாது. பொறுப்பில்லாத ஆள் கையில் கொடுத்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும்.