டேங்கில் ஊற்றிய கடல் தண்ணீர்

மேடையில் இருக்கும் மெக்கானிக் சங்கத் தலைவர் பிச்சையா அண்ணாச்சி அவர்களே, பட்டறைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் செல்வராணி மதினி அவர்களே! அனைவருக்கும் இனிகோவின் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பாலகணேஷ் எழவில்லை. இன்று ஆறாவது நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அவரிடம் நான் வேலை பார்த்த முத்தையாபுரம் பட்டறையைத் திறந்து பெருக்குகிறேன். கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

நம் சங்கத்தின் முன்னாள் செயலாளர் பாலகணேஷ் அவர்களைப் போல யார் உண்டு? காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த காரில் இன்ஜினுக்குள் போகும் காற்று கொதிக்கும். அதைத் தண்ணீரால் குளிரவைக்க அலுமினியக் கூலர், தனி டேங்க், தனி பம்ப், முன்னால் சின்ன ரேடியேட்டர் என்று அமைத்து, தினமும் ரோட்டில் ஓடும் சாதாரணக் காரிலேயே பூட்டிக் காட்டியவர் யார்? பாலகணேஷ்! குழாயில் ஒரு குமிழிக் காற்று தங்கினாலும் வண்டியை வெளியே விடாதவர் யார்? பாலகணேஷ்!

அப்படிப்பட்டவரின் பெயர் எப்படிக் கெட்டது? இதோ நான்காவது வரிசையில் இருக்கும் டெரன்ஸ் அண்ணாச்சியின் காரால் கெட்டது. பூட்டிய இரண்டே மாதத்தில் கூலர் அரித்துப்போய், தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிவிட்டது. "என் வண்டியக் கொன்னுட்டியேடே!" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். பாலகணேஷ் டேங்கில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "தப்பு என் மேலதான் அண்ணாச்சி. நானே இன்ஜின எறக்கிச் சரிபண்ணித் தாரேன்" என்றார்.

சரிசெய்தும் கொடுத்தார். ஊர் விட்டதா? "அவன்கிட்ட வண்டிய விடாதலே, உள்ள தண்ணிய ஏத்திருவான்" என்றது. அந்த வருடமே செயலாளர் பதவியை விட்டு இறங்கினார். மதினி, நீங்கள் அன்று அழுததை நான் பட்டறை வாசலில் நின்று பார்த்தேன்.

பெரியவர்களே! அவரிடம் சேருமுன் நான் பதினைந்து வருடம் விசைப்படகு இன்ஜின் பார்த்தவன். படகில் இன்ஜின் சூட்டை எடுப்பது கடல் தண்ணீர்தான். டெரன்ஸ் அண்ணாச்சியின் காரைப் பூட்டி முடித்து நான் ஓட்டிப் பார்க்கப் போனபோது, மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு குழாய்க் கிளிப் கழன்று தண்ணீர் ஒழுகிவிட்டது. கிளிப்பை முறுக்கினேன். படகு வேலைப் பழக்கத்தில் ஒரு வாளி கடல் தண்ணீரை மொண்டு டேங்கில் ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. கூலரின் அலுமினியத்தை உப்பு தின்றது.

அன்று டெரன்ஸ் அண்ணாச்சி சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகு, பாலகணேஷ் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஏலே இனிகோ, காலையில சாப்ட்டியா?"

மூன்று வருடம்! நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். டெரன்ஸ் அண்ணாச்சி, செல்வராணி மதினி, ஊற்றியது நான். வெட்கமாக இருக்கிறது.

அவர் பாதியில் விட்ட கார் ஒன்று பட்டறையில் நிற்கிறது. திங்கட்கிழமை அதை முடிப்பேன். அதற்குப் பின் வரும் கார்களையும் அவர் செய்தபடியே செய்வேன். பட்டறைப் பலகையில் பாலகணேஷ் என்ற பெயர்தான் இருக்கும். அங்கே ஏதாவது தப்பு நடந்தால் மட்டும், ஐயா, என் பெயரைச் சொல்லுங்கள்.